மூன்று மாலைக்கும் ஒரே மேசை

கப்பலில் சாப்பாட்டுக்கு இரண்டு வழி இருப்பதாகக் கிள்ளானில் உள்ள பயண ஏஜென்ட் பெண் போனில் விளக்கினாள். ஒன்று ஃபிக்ஸ்ட். தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, அதே ஆட்கள், பரிமாறுகிறவரும் அதே ஆள். இன்னொன்று ஃபிளெக்ஸிபிள். பசித்தபோது போய், எந்த மேசை காலியோ அதில் உட்கார்ந்துகொள்ளலாம்.

"எது வேணும் ஆன்டி? இப்பவே சொல்லிட்டா நல்லது லா. ஃபிக்ஸ்ட் சீக்கிரம் ஃபுல்லாயிடும்."

அரை மணி நேரத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி போனை வைத்தேன். சோற்றை எப்போது சாப்பிடுவது என்பதற்கா இவ்வளவு யோசனை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். எனக்கு அது என் மகளின் கல்யாணப் பிரச்சினை.

என் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்தில் ஒரே மகளுக்குக் கல்யாணம். அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க என் அண்ணனும் அண்ணியும் வேண்டும். தாய்மாமன் சீர் செய்ய என் தம்பி வேண்டும். அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பி கிள்ளானில் நாலு லோரி வைத்து ஓட்டுகிறான். இருவரும் பேசி ஒன்பது வருஷம். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. தீபாவளிக்கு நான் இரண்டு பந்தி போடுவேன். பதினொரு மணிக்கு அண்ணன் குடும்பம், இரண்டு மணிக்குத் தம்பி குடும்பம். நடுவில் ஒரு மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன், இரண்டு காரும் எதிரெதிரே வந்துவிடக் கூடாதே என்று.

தம்பியின் பெயரைக்கூட அண்ணன் சொல்ல மாட்டார். "உன் தம்பிகிட்ட சொல்லு" என்றுதான் எல்லாம் என் வழியாகப் போகும். அப்பாவின் திதி எப்போது, பழைய வீட்டு வரி யார் கட்டுவது, எல்லாமே உன் தம்பிகிட்ட சொல்லுதான். கல்யாணப் பேச்சை எடுத்தபோதும் அதே மாதிரி சொன்னார். "உன் தம்பிகிட்ட சொல்லு. அவன் மேடையில இருந்தா நான் ஏற மாட்டேன்."

அந்தக் கோபத்தின் கதையை நான் எல்லோரிடமும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். தம்பி மகள் கல்யாண விருந்து, கிள்ளானில் ஒரு மண்டபம், நாற்பது வட்ட மேசைகள். குடும்பத் தலைவராக முன் வரிசையில் உட்கார வேண்டிய அண்ணனுக்கு முப்பத்தோராவது மேசை கிடைத்தது. எச்சில் தட்டுகளை எடுத்துப் போகும் கதவுக்குப் பக்கத்தில். அண்ணன் அதைப் பார்த்தார், எழுந்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே போனார். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி.

தெரியாத பாதி இது. மேசைப் பட்டியல் போட்டவள் நான். ஷா ஆலமில் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் பட்டியல் போட்டே பிழைத்தவள் என்பதால் தம்பி அந்த வேலையை என்னிடம் கொடுத்தான். அன்று மதியம் மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து இன்னும் பத்துப் பேர் வருகிறார்கள் என்றார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்களைப் பின்னால் போட முடியுமா? அண்ணன்தானே, நம்ம ஆள்தானே, கோவிச்சுக்க மாட்டார் என்று நானே பேனாவால் அடித்து மாற்றினேன். வந்தவர்களுக்கு முன் இடத்தைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரனைப் பின்னால் தள்ளும் இந்தப் புத்தி நம்மிடம் நிறையவே இருக்கிறது. வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற என்னிடம் அண்ணன் கேட்டார். "உன் தம்பி எனக்குப் போட்டிருக்கிற இடத்தைப் பார்த்தியா?" என் வாயில் கொழுக்கட்டை. அவர் காரில் ஏறும்வரை ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் ஒன்பது வருஷமும் வரவில்லை.

கப்பல் யோசனை மகளுடையது. எனக்கு அறுபது வயது முடிகிறது, அதைச் சாக்காக வைத்து ஆறு பேரும் போவோம், அது யார் வீடும் இல்லையே என்றாள். தம்பி உடனே சரி என்றான். அண்ணனைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது. கடைசியில், "கப்பல் பெருசு. அவன் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் ஒரு பக்கம் இருக்கேன். சாப்பாடு எப்படி?" என்று கேட்டார்.

"இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் அண்ணே" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாள்தான் ஏஜென்ட் பெண்ணின் போன் வந்தது. ஃபிளெக்ஸிபிள் என்று சொன்னால் மூன்று நாளும் அண்ணன் ஒரு மூலை, தம்பி ஒரு மூலை. நான் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பேன், தீபாவளி மாதிரி. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு ஃபிக்ஸ்ட் என்றேன். ஆறு பேருக்கும் ஒரே மேசை, மாலை ஐந்தே முக்கால். போனை வைத்தேன். இன்னொரு தடவை அந்த இரண்டு பேருக்கும் மேசை போட்டுவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

போர்ட் கிள்ளானில் கப்பல் ஏறும் இடத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அறை எண், அதற்குக் கீழே சாப்பாட்டு நேரம், மேசை எண் 14. அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதைப் படித்தார். பிறகு என் கையில் இருந்ததைப் படித்தார். நாலு ஆள் தள்ளி வரிசையில் நின்ற தம்பி பக்கம் ஒரு கண் ஓட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இஷ்டத்துக்குன்னு சொன்னே?"

"ஏஜென்ட் மாத்திட்டாங்க போல அண்ணே" என்றேன். ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண் தலையிலும் பழியைப் போட்டேன்.

முதல் நாள் மாலை மேசைக்கு நாங்கள் நாலு பேர்தான் போனோம். சமையலறைக்குப் போகும், இரு பக்கமும் திறக்கும் ஆட்டக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் வட்ட மேசை. ஒரு நாற்காலியின் முதுகு அந்தக் கதவை ஒட்டியே கிடந்தது. யாரும் சொல்லாமலே தம்பி அதில் போய் உட்கார்ந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் தோளில் இடித்தது. பரிமாறுகிறவர், நரைத்த மீசைக்காரர், காலியாகக் கிடந்த இரண்டு இடத்தின் தட்டுகளையும் எடுக்க வந்தார்.

"வேணாம் பாஸ், இருக்கட்டும். அவர் வருவார்" என்றான் தம்பி.

அண்ணன் வரவில்லை. பத்தாவது மாடியில் பஃபே இருந்தது. அங்கே அவர் தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றதாகவும், முட்டைக்காக ஒரு சின்னப் பையன் முந்திக்கொண்டு இடித்ததாகவும், தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்து பிஸ்கட் தின்றதாகவும் அண்ணி மறுநாள் காலையில் என்னிடம் சொன்னார். "உங்க அண்ணனுக்குத் தட்டு தூக்கிப் பழக்கமில்ல. இன்னிக்கு எப்படியும் வந்துடுவார், பாரு." நான் சிரித்தேன். உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. வராவிட்டால் கல்யாணம் கெட்டது. வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது.

இரண்டாம் மாலை வந்தார். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். தம்பிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலிதான் மிச்சம். உட்கார்ந்து, மெனு அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சூப் வந்தது. தம்பி மனைவி வெயிலைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் பளபளத்தது.

அப்போது ஆட்டக் கதவு படாரென்று திறந்து தம்பியின் முதுகில் மோதியது. அவன் கையில் இருந்த சூப் மேசை விரிப்பில் கொட்டியது. அண்ணன் மெனுவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"பார்த்தியா? கதவுப் பக்கத்துல உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியும் அவனுக்கு. உன் தம்பிகிட்ட சொல்லு. அன்னிக்கு நாற்பது மேசையில எனக்கு அந்த ஒண்ணுதான் கிடைச்சுதா? நான் தூக்கி வளர்த்தவன் அவன்."

தம்பி கைத்துணியால் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை. ஒன்பது வருஷமும் அவன் பதில் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு தடவைகூட, "நான் போடல அண்ணே" என்று அவன் என் வழியாகச் சொல்லியனுப்பியதில்லை. இவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் விடை என் பக்கம் திரும்பும் என்ற பயம். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

"அண்ணே, அந்த லிஸ்ட் நான் போட்டது" என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தது, பத்துப் பேர், பேனாவால் அடித்தது, நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நினைச்சது, வாசலில் நீங்க கேட்டப்ப வாயைத் திறக்காம நின்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தம்பியைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே. லிஸ்ட் முழுக்க அக்கா கையெழுத்துதானே."

"ஏன்டா சொல்லல?"

தம்பி கைத்துணியை மடித்தான். "சொல்லியிருந்தா அக்காகூடவும் பேச்சை நிறுத்தியிருப்பீங்க. மூணு பேர்ல ஒருத்தராவது ரெண்டு வீட்டுக்கும் போய் வரணும்ல."

அண்ணன் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனார். அண்ணி போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம்வரை சாப்பிட்டார். நான் அழுதேன், வெட்கமில்லாமல், கப்பல் முழுக்கப் பார்க்க அழுதேன். தம்பி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். என்மேல் அவனுக்குக் கோபமே இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் லங்காவியில் எல்லோரும் இறங்கினார்கள். தலைவலி என்று நான் அறையிலேயே கிடந்தேன். மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இனி அண்ணன் மேடை ஏறமாட்டார், அதற்குக் காரணம் தம்பி இல்லை, நான். சாயங்காலம், பஃபேக்குப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

"ஃபிக்ஸ்ட் போட்டது நீங்கதானே மா" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

பத்து நிமிஷம் தாமதமாகத்தான் போனேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில். தம்பியின் தட்டிலிருந்து அண்ணன் முள்கரண்டியால் ஒரு துண்டு மீன் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "உப்பே இல்லடா இதுல" என்றார். அந்த 'டா'வைக் கேட்டு நான் நடையிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு விட்டிருந்தது ஆட்டக் கதவை ஒட்டிய நாற்காலி. அதை ஏற்பாடு செய்தது அண்ணன்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். நான் போய் உட்கார்ந்தேன். கதவு திறந்து தோளில் இடித்தது. வலித்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மீனை மென்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தம்பியிடம் சொன்னார்.

"உன் அக்காகிட்ட சொல்லு. கல்யாணத்துல நானும் அண்ணியும் மேடையில நிப்போம், நீயும் கூட நிப்பே. ஆனா மேசை லிஸ்ட் அவ போடக் கூடாது."

இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் தம்பி திரும்பினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் அதையே சொன்னான். ஒன்பது வருஷமாக நான் பார்த்த வேலை அது.

"சரின்னு சொல்லுடா" என்றேன்.