மாமாவுக்கு வந்த மறதி

திருத்தணி பேருந்து நிலையத்தில் நின்று "தணிகைவேலு" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எவன் ஊன்றுகோலோடு திரும்புகிறானோ அவன்தான் நம்ம ஆள்.

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரணிக்காரன் பந்தை ஓங்கி அடிக்கும்போது, கோல் கோட்டிலிருந்து ஒருத்தன் அவனுக்கு நேராகவே ஓட வேண்டும். புத்தி உள்ளவன் அந்த வேலைக்குக் கை தூக்கமாட்டான். தணிகைவேல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தூக்கினான். போன தை மாதம் அரக்கோணத்தில் பயிற்சி. முட்டிக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். அடித்தது அவன் மாமன் மகள் கவிப்பிரியா. எறிந்தது அவள் பார்க்கட்டும் என்றுதான். பார்த்தாள். முட்டிச்சில்லு பிளந்த சத்தத்தையும் சேர்த்துக் கேட்டாள்.

"தாலி ஏறறதுக்கு முன்னாலயே காலை ஒடச்சிட்டா" என்று ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தினமும் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அந்த ஆறு வாரமும் அவனுக்கு இரண்டு சுகம்: ஒன்று அவள், இன்னொன்று வலி மாத்திரை.

வலி குறைந்தது. மாத்திரை ஆசை குறையவில்லை. டாக்டர் நிறுத்தச் சொன்ன மறுநாளே உடம்பெல்லாம் வேர்த்து, கால் இரண்டுக்குள்ளும் ஏதோ ஊர்ந்தது. உள்ளூர் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். கனகம்மாசத்திரம் போனான், அங்கேயும் கேட்டார்கள்.

சீட்டு கேட்காத இடம் ஒன்று இருந்தது. கவிப்பிரியாவின் அப்பா ஆனந்தன், மலைப்பாதை திரும்புகிற இடத்தில் இருசக்கர வண்டி மெக்கானிக். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆனவர். அதே மாத்திரை, பட்டறையில் பழைய பேரிங் டப்பாவுக்குள். தணிகைவேல் பொழுது போக அங்கே போய் பெஞ்சில் உட்காருவான். மாமா வண்டிக்கு அடியில் படுக்கும்போது டப்பா திறக்கும்.

மாத்திரை குறைவது மாமாவுக்குத் தெரிந்தது. வேறு யாரையாவது சந்தேகப்படுகிற மனுஷனாக இருந்தால் கதையே வேறு. அவர் தன்னையே சந்தேகப்பட்டார்.

"நானே போட்டுகினு மறந்துடறேன் போல கீதுடா" என்றார்.

"வயசாவுது இல்ல, மாமா" என்றான் தணிகைவேல். எப்படித்தான் வாய் வந்ததோ, வந்தது.

அன்றிலிருந்து மாத்திரை போட்டதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட ஆரம்பித்தார். ஒருநாள் அந்தக் கோடுகளைப் பார்த்து மனசு கேட்காமல், எடுத்ததில் இரண்டைத் திருப்பி வைத்தான். நல்லது செய்கிறானாம்.

மாமா வெலவெலத்துப் போனார். கோடு இருக்கிறது, டப்பாவில் மாத்திரை கூடியும் இருக்கிறது. அப்படியென்றால் போடாததையே போட்டதாகக் கோடு போட்டிருக்கிறார்.

மறுநாள் மதியம் பானுப்ரியா டீச்சர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிரேக் வேலை இனிமே எடுக்கறதில்லீங்க. வேற கடை பாருங்க."

"என்ன ஆனந்தன், கோவமா?"

"மாத்திரை போட்டது ஞாபகம் இல்லாதவனுக்கு நட்டு முடுக்கினது எங்கீங்க ஞாபகம் இருக்கும்? மலையில இறங்கும்போது எதுனா ஆயிட்டா?"

டீச்சர் போய்விட்டார். சாப்பாடு கொண்டு வந்திருந்த கவிப்பிரியா தணிகைவேல் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒண்ணாந்தேதியிலேர்ந்து பட்டறையே வேணாம்னு சொல்றாரு நைனா. நான் துணிக்கடை வேலைக்குக் கேட்டுகினு கீறேன், பாவா. ஆட்டம் அவ்ளோதான்."

அவன் சட்டைப்பையில் அன்று எடுத்த மாத்திரை இருந்தது. பெஞ்சிலிருந்து மாமா வரைக்கும் எட்டடி. பந்துக்கு எதிரே ஓடியவனுக்கு அந்த எட்டடி நடக்க வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"மாமா. ஒனக்கு மறதி எதுவும் இல்ல. நான்தான் எடுத்தேன்."

மாமா சுவரைப் பார்த்தார். "எல்லாமேவா?"

"ஆங்."

"கூடிச்சே, அது?"

"அதுவும் நான்தான். திருப்பி வச்சேன்."

அடி விழும் என்று கன்னத்தை இறுக்கி வைத்திருந்தான். மாமா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா கவி, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எண்ணெய்த்துணியால் கோடுகளைத் துடைத்தார். "ஓடு, டீச்சரைக் கூப்பிடு."

அந்தச் சிரிப்புக்கு அவன் தயாராக இல்லை. தலை தொங்கிப்போனது.

ஸ்கூட்டர் வந்தது. மாமா பிரேக்கைக் கழற்றி, மாட்டி, நட்டை முடுக்கி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார். டீச்சர் போன பிறகுதான் திரும்பினார். குரலில் சிரிப்பு இல்லை.

"எடுத்ததைக் கூட வுடு. வயசாவுதுன்னு சொன்னியேடா."

தணிகைவேல் பையிலிருந்த மாத்திரையை எடுத்து பெஞ்சில் வைத்தான். கவிப்பிரியா அதைப் பார்த்தாள், அவன் முட்டியைப் பார்த்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் அரக்கோணத்துக்கு, இந்தப் பழக்கத்தை விடவைக்கிற டாக்டரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். பக்கத்தில் இடம் இருந்தும் எதிரில் உட்கார்ந்தாள்.

"கவி, நம்ம விஷயம்..."

"எங்கிட்ட பேசாத பாவா. மொதல்ல டாக்டர்கிட்ட பேசு. ஒண்ணு விடாம."

வண்டி குலுங்கியதில் ஊன்றுகோல் சரிந்தது. அவள் கால் நீட்டி அதைத் தடுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரக்கோணம் வரை காலை எடுக்கவில்லை.