முதலில் அழைக்க வேண்டிய எண்

சிகுசாவைத் தங்கமான மனசுக்காரி என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான். உழைப்பாளி, கெட்டிக்காரி, மகனை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியவள், எல்லாம் சரி. ஆனால் தனக்கு ஒருவன் செய்ததை மறக்கவும் மாட்டாள், மன்னிக்கவும் மாட்டாள். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

ஹச்சினோஹே துறைமுகத்தில் கானாங்கெளுத்தி மீனை அரிந்து உப்பில் போடும் ஆலையில் நாங்கள் ஒரே வரிசையில் நின்றோம். அவள் புருஷன் வேறொருத்தியோடு டோக்கியோவுக்குப் போய்விட்டிருந்தான். மகன் தெப்பெய் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். காய்ச்சல் முப்பத்தேழரை டிகிரி காட்டினால் போதும், காப்பகத்திலிருந்து போன் வந்துவிடும், வந்து கூட்டிப் போ என்று. அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். காப்பகத்துக்குப் போகும் முதல் வருடம் எந்தப் பிள்ளைக்குத்தான் மூக்கு ஒழுகாமல் இருக்கிறது?

அந்த போன் பிரிவுத் தலைவன் நிஷிதாதேயின் மேசைக்குத்தான் வரும். அவன் அதை ஒலிபெருக்கியில் சொல்வான். எங்கள் பக்கம் பாதி வேலையில் கிளம்புகிறவர்கள் அக்கம்பக்கத்தில் நிற்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் குனிந்துவிட்டுப் போவது வழக்கம். அதில் தப்பில்லை. அந்த ஆள் அதையே தண்டனையாக்கினான். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் தனித்தனியாகக் குனிய வேண்டும். பிள்ளை அங்கே கொதித்துக்கொண்டு கிடக்கும், இவள் இங்கே மீன் தண்ணீரில் நின்று குனிந்துகொண்டிருப்பாள். என் முன்னால் வரும்போது நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குனிஞ்சது போதும் ஓடுடி என்பேன்.

ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தது. எல்லோருக்கும் புதுப்பித்தவன் அவளை மட்டும் நிறுத்தினான். அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை; வரிசை முன்னாலேயே, புருஷன் வீட்டுப் பேரால் கூப்பிட்டுச் சொன்னான்.

"பிள்ளை வளர்க்கிறதா, மீன் வெட்டுறதா, ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிக்க நமிகாவா. காய்ச்சல் வந்தா ஓடி வர வீட்ல ஒரு ஆள் இல்லாத பொம்பளைக்கு வேலை எதுக்கு? இது ஆலை, ஆஸ்பத்திரி இல்ல."

சிலர் சிரித்தார்கள். வேலை தங்க வேண்டுமே, சிரித்துத்தானே ஆக வேண்டும்.

வேலை போன தாய்க்கு நகராட்சி மூன்று மாதம்தான் தவணை கொடுக்கும். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் காப்பகத்தில் பிள்ளையின் இடம் போய்விடும். இடம் போனால் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். சிகுசா கறுப்புக் கோட்டும் பாவாடையும் போட்டுக்கொண்டு ஊரில் இருக்கிற கம்பெனி எல்லாம் ஏறி இறங்கினாள். எங்கே போனாலும் முதல் கேள்வி அவள் என்ன வேலை தெரிந்தவள் என்பதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்கள் என்பதுதான். உண்மையைச் சொன்னாள், வெளியே வந்தாள். மறுபடி உண்மையைச் சொன்னாள், மறுபடி வெளியே வந்தாள். ஒருநாள் காய்ச்சல் பிள்ளையை விட இடமில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டே நேர்முகத்துக்குப் போனாள். வீடு விற்கும் அலுவலகம் அது. தெப்பெய் அவர்களுடைய தோல் சோபாவில் வாந்தி எடுத்தான். சோபாவைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள் பாவி.

தவணை முடிய ஒரு வாரம் இருந்தபோது ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் சமையற்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றாள். காய்ச்சலுக்கு என்னடி சொன்னாய் என்று கேட்டேன்.

"கூடப் பிறந்த அக்கா பக்கத்து வீட்லயே இருக்குன்னு சொன்னேன்."

"யாருடி அந்த அக்கா?"

"நீதான். நம்பரும் குடுத்துட்டேன்."

பிள்ளை பெறாத எனக்கு அப்படித்தான் ஒரு மகன் கிடைத்தான். அந்த வருடம் முழுக்க, ஒலிபெருக்கியில் என் பேர் வந்தது. நானும் கோடியிலிருந்து கோடி வரை குனிந்தேன். அதைச் சிகுசாவிடம் வந்து சொல்வேன். ஒருமுறை அவள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஆள் சாகக்கூடாதுக்கா. நல்லா இருக்கணும். ஒரு நாள் காய்ச்சப் பிள்ளையை முதுகுல சுமந்துக்கிட்டு இந்தப் பனியில நடக்கணும். அதை நான் பார்க்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

தெப்பெய் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அவள் புருஷன் பேரை உதறிவிட்டுப் பிறந்த வீட்டுப் பேரான குசாகாவுக்குத் திரும்பினாள். இப்போது தெப்பெய் செண்டாய் நகரத்தில் கல்லூரியில் படிக்கிறான். அவள் அந்தச் சமையற்கூடத்துக்கே தலைவி. ஆள் எடுப்பதும் அவள்தான். மீன் ஆலை என்னை வேலையை விட்டு அனுப்பியதும் பாத்திரம் கழுவ என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். பேர் நிஷிதாதே மடோகா. விவாகரத்து ஆனவள், ரிகுதோ என்று இரண்டு வயது மகன். தவணை முடிய இரண்டே வாரம். அப்பா மீன் ஆலையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றாள். அப்பா பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று சிகுசா மெதுவாகக் கேட்டாள். பிள்ளை வளர்ப்பது பெண்பிள்ளை வேலை என்பார் அப்பா, காலையில் சாப்பிட்டால் கறுப்பு வெள்ளைக் காய் வைத்துக் கோ ஆடப் போய்விடுவார், டயப்பரில் முன்பக்கம் எது பின்பக்கம் எதுவென்று அவருக்குத் தெரியாது என்று சொல்லி அந்தப் பெண் தலைகுனிந்தாள்.

அவள் வெளியே போனதும், விரட்டிவிடு என்றேன் நான். என் இடுப்பு இன்னும் அந்தக் குனிதலை மறக்கவில்லை.

"இவளை விரட்டுனா அவனுக்கு எங்கக்கா வலிக்கும்? இவ அழுவா. அவன் வழக்கம்போல கோ ஆடப் போவான்."

மடோகாவுக்கு வேலை கொடுத்தாள்.

மகளுக்கு வேலை கிடைத்தால் தகப்பன் ஒரு பலகாரப் பெட்டியோடு முதலாளியைப் பார்க்க வருவது இங்கே பழைய மனுஷர்களின் மரியாதை. நிஷிதாதேயும் வந்தான். தலை வெளுத்திருந்தது, கண்ணில் புரை வந்து கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தான். நாங்கள் வெள்ளைத் தொப்பியும் முகமூடியுமாக இருந்தோம், கண் மட்டும்தான் தெரியும். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி இடுப்பு ஒடியக் குனிந்தான்.

"ஒண்ணும் தெரியாத பொண்ணுங்க. பேரனுக்கு ஏதாவதுன்னா நான் இருக்கேன். எந்த நேரமானாலும் யோசிக்காம என்னைக் கூப்பிடுங்க குசாகா சான்."

இதெல்லாம் வாய் வார்த்தை. ஐயோ உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று எதிராளி சொல்ல வேண்டும், இருவரும் இன்னொரு தடவை குனிய வேண்டும், அதோடு முடிந்தது. பிறந்ததிலிருந்து எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். சிகுசா முகமூடியைக் கழற்றினாள்.

"ரொம்ப சந்தோஷம். நம்பர் சொல்லுங்க தலைவரே."

அவளுடைய முகத்தைப் பார்த்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரையும் அடையாளம் தெரிந்துவிட்டது. நம்பரைச் சொன்னான். சொல்லாமல் எப்படி இருப்பது, பக்கத்தில் மகள் நிற்கிறாளே. காப்பகத்தில் முதலில் அழைக்க வேண்டிய எண் தாத்தாவுடையது, தாயை அழைக்க வேண்டாம், அப்பாவே சொல்லிவிட்டார் என்று சிகுசா மடோகாவிடம் சொல்லிவிட்டாள்.

குளிர்காலம் பிறந்தது, ரிகுதோவின் மூக்கும் ஒழுகத் தொடங்கியது. கோ ஆடும் இடத்தில் டீ ஊற்றிக் கொடுப்பவள் என் சிநேகிதி. நிஷிதாதே ஜெயிக்கப் போகிற ஆட்டத்தில் போன் வருவதையும், அவன் எழுந்து எதிரே உட்கார்ந்திருப்பவனிடமும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களிடமும் ஒவ்வொருவராகக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடுவதையும் அவள் சொல்ல, நான் சிகுசாவிடம் சொல்ல, சிகுசா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு சுற்று சதை போட்டது.

பிப்ரவரியில் ஒரு மதியம், சமையற்கூடத்தில் எங்கள் முறை முடிந்து, மடோகாவின் முறை ஓடிக்கொண்டிருக்க, அவளுடைய காரில் வந்துகொண்டிருந்தோம். பனி முகத்தில் அடிக்கிற மாதிரி கொட்டியது. காப்பக மேட்டிலிருந்து ஒரு கிழவன் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். சிகுசா வேகத்தைக் குறைத்தாள். நிறுத்துவதற்காக இல்லை, பார்ப்பதற்காக.

"பாருக்கா. நல்லாப் பாரு."

பார்த்தேன். எனக்கும் இனித்தது, பொய் சொல்வானேன். அவனைத் தாண்டிப் போகும்போதுதான் பிள்ளையின் கால் தெரிந்தது. ஒரு பூட்ஸ் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. காலுறை நனைந்து கால் தொங்கியது. நான் சொல்வதற்கு முன்பே சிகுசா காரைப் பின்னால் எடுத்தாள்.

நிஷிதாதே நின்றான். யார் என்று தெரிந்ததும் குனிந்தான், தொப்பியிலிருந்து பனி சரிந்தது. புண்ணியமாகப் போகும் என்றான். சிகுசா இறங்கிக் கட்டை அவிழ்த்துப் பிள்ளையைத் தன் கோட்டுக்குள் சுருட்டி என் மடியில் போட்டாள். அவன் பின்கதவில் கை வைத்தான்.

"காய்ச்சல் புள்ளைக்கு. உங்களுக்கு இல்லையே? டாக்டர்கிட்ட இருப்போம், நடந்து வாங்க."

கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். தாத்தா எங்கே என்று பிள்ளை அழுதது. நடந்து வருகிறார் என்றாள் அவள், அவ்வளவு திருப்தியாக.

டாக்டர் பார்த்து மருந்து கொடுத்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். முழங்கால் வரை பனி, மூச்சு வாங்கியது. காணாமல் போன பூட்ஸ் கையில் இருந்தது. சிகுசா எழுந்து நின்றாள். அவன் தன் முன்னால் மன்னிப்புக் கேட்டுக் குனிவதற்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகப் பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினான், சில்லென்றிருக்கும் என்று நினைவு வந்து, கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நெற்றியைத் தொட்டான். பிள்ளை என் மடியிலிருந்து நழுவி, பக்கத்தில் உட்கார்ந்த அவன் மடிக்குப் போய்விட்டது. அவன் வேறு யாரும் அங்கே இல்லாததுபோல் அதன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சிகுசாவின் முகம் கறுத்தது.

"தண்டனைன்னு நெனச்சு இவனுக்குப் பேரனைக் குடுத்துட்டேனேக்கா," என்று பல்லைக் கடித்தாள். "இப்ப காப்பகத்துல இருந்து அந்த நம்பரை எடுத்துட்டாத்தான் இவனுக்கு வலிக்கும்."

போனைக் கையில் எடுத்தாள். அவள் செய்யக்கூடியவள். நான் தடுக்கவில்லை; தடுத்தால் கண்டிப்பாகச் செய்வாள். பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனது. சிகுசா அதைப் பார்த்தாள், போனைப் பைக்குள் போட்டாள்.

"மடோகாவுக்கு நாளைக்குக் காலையில வேலை இருக்கு," என்றாள்.