ராகு காலம் முடியக் காத்த உலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரும் சோடை போகவில்லை. கடைக்குட்டி கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாள். உப்புத்தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் கறுப்புத்தாள் செய்வதுதான் அவள் வேலை.

ஊசி முனையில் பசைபோல ஒன்று வரும். மின்சாரம் அதைத் தலைமயிரிலும் மெல்லிய நூலாக இழுத்து, சுழலும் உருளையில் வெள்ளைத்தாளாகப் படியவிடும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஈரம் கூடினால் நூல் வராது. மழை விட்ட நாட்களில் பாடுபட்டு ஒரேயொரு நல்ல தாள் எடுத்திருந்தாள். அதைக் காற்றுப்படாத உலையில் கரியாக்கி, திங்கட்கிழமை கம்பஸ் பெரியவர்கள் முன்னால் அது உப்பை இழுப்பதைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளின் கைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போன கையோடு என்னையும் கம்பஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்பது மணிக்கே தாளை உலைக்குள் வைத்தவள், சுவிட்சைப் போடாமல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, இவ்வளவு படிச்சும் ராகு காலம் பாக்கிறியோ?"

"நீங்கள் வளர்த்த வளர்ப்புத்தானே அம்மா."

சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பெருமை. பத்தரை தாண்டித்தான் சுவிட்சைப் போட்டாள்.

அவசரமாகச் சூடேற்றினால் தாள் நொறுங்கிவிடும். ஆறும்வரைக்கும் சிலிண்டர் வாயு உள்ளே ஓடவேண்டும், காற்றுப் பட்டால் எரிந்துபோகும். உலை தணலாக இருக்கும்போதே பின்னேரம் காவலாளி திறப்புக் கொத்தோடு வந்து நின்றான். பூட்டும் நேரம், வாயுவைத் திறந்தபடி விடக்கூடாதாம்.

"கொஞ்சம் பொறுங்கோ, ஆறட்டும்" என்று மகள் கெஞ்சினாள். மேலதிகாரிக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தாள். பதில் இல்லை.

நான் எழும்பி, எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், "புத்தே, பொட்டக் இன்ன" என்றேன். கொஞ்சம் நில் மகனே என்று.

"மகே ஜொப் எக்க யனவா அம்மே" என்றான். தன் வேலை போய்விடுமாம். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்.

மகள்தான் தன் கையாலேயே சிலிண்டரை மூடினாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து பேரின் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் ஏதோவொன்று செய்த கை இது. அங்கே செய்ய ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை உலையைத் திறந்தபோது சாம்பல்தான் கிடந்ததாம். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலை கைமாறிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் உள்ளறையில் படுத்தவள்தான். தேத்தண்ணி கொண்டுபோனேன், ஆறிப்போய்த் திரும்பி வந்தது. ராகு காலத்தைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

எனக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். மகள், இனி ஒரு தாள் கிடைத்தால் ராகு காலத்திலேயே உலையை மூட்டு. அம்மாதான் சொல்கிறேன்.

பேத்தி, இங்கே வா. இதை ஒருக்கால் வாசி பார்ப்போம். என் காது நல்லாய்த்தான் கேட்கிறது, என்றாலும் உரத்து வாசி. உள்ளறைக் கதவு திறந்துதான் கிடக்கிறது.