நாலு பேரும் நிற்கும் படம்

மூன்று. இருபத்துமூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் கிரேசியும் அவள் கணவர் ததேயுஸும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நிற்கும் படங்கள் அவ்வளவுதான். முதல் படம் மகன் அனிஷின் ஞானஸ்நானத்தில் எடுத்தது. அதில் அவன் முகம் துணிக்குள் மறைந்து கிடக்கிறது. இரண்டாவது, மகள் பெபிஷா முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா. படமெடுத்தவர் அவசரத்தில் ததேயுஸின் பாதி உடம்பை வெட்டிவிட்டார். மூன்றாவது, ததேயுஸின் அம்மா இறந்த அன்று எடுத்தது. இராஜாக்கமங்கலம் துறையில் அடக்கத்துக்கு முன்னால் உறவுக்காரர்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். நால்வர் முகமும் தெளிவாக விழுந்தது அதில் மட்டும்தான். அதனால் முன்னறைச் சுவரில் அதைத்தான் மாட்டியிருந்தார்கள்.

ததேயுஸ் ஆழ்கடல் விசைப்படகு ஒன்றின் ஸ்ராங்கு. படகை ஓட்டுவதும், எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பதும் அவர் பொறுப்பு. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் என்றாலும் படகு கரை பிடிப்பது கொச்சியில். ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்துவிட்டு வரும். மீனை இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாளில் மறுபடியும் கிளம்பிவிடும். ஜூன் ஜூலை தடைக்காலத்தில்தான் வீட்டில் இருப்பார். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பிள்ளைகளுக்கு லீவு இருக்கும்போது அப்பா கடலில். அப்பா கரையில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு வகுப்பு. இப்படியே இரண்டும் வளர்ந்துவிட்டன.

இந்த வருடம் பெபிஷா நர்சிங் முடித்து குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிவிட்டாள். அக்டோபர் கடைசியில் விமானம். அனிஷ் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று கிரேசிக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அறிவித்தாள்.

“நாலு பேருமா பார்க்குக்குப் போறோம்.”

“எந்தப் பார்க்கு? ஊஞ்சல் ஆடவா?” அனிஷ் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“கொச்சியில உள்ளது. ராட்டினம், தண்ணியில சறுக்குகது, எல்லாம் உண்டு.”

“எம்மா, எனக்கு இருவத்திரெண்டு வயசு,” என்றாள் பெபிஷா. “ஆறாங்கிளாஸ் படிக்கும்போ கேட்டேன். அப்பம் என்ன சொன்ன? அப்பா வரட்டும்னு சொன்ன.”

“இப்பம் வாறாவல்லா?”

“வருசம் முழுக்கக் கடல்ல கெடக்க மனுசனக் கூட்டிட்டுப் போயி அலை காட்டப் போறியா?”

“அதுவும் டிக்கெட்டு எடுத்து,” என்றான் அனிஷ்.

“போலே சவமே,” என்றாள் கிரேசி. அவள் பிள்ளைகளைக் கொஞ்சுவதும் திட்டுவதும் அந்த ஒரு சொல்லில்தான்.

கேலி பேசினார்களே தவிர, அடுத்த நாளே இருவரும் திட்டத்தில் இறங்கிவிட்டார்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டம் நெருக்கும். புதன்கிழமைதான் சரி என்றாள் பெபிஷா. காலையில் தண்ணீர் இல்லாத ராட்டினங்கள், சாப்பிட்ட பிறகு சறுக்குகள், வெயில் சாய்ந்ததும் அலைக்குளம் என்று அனிஷ் வரிசை போட்டான். தலைகீழாகச் சுற்றும் ஒன்றில் அப்பாவை ஏற்றியே தீருவது என்று இருவரும் சபதம் எடுத்தார்கள். தண்ணீரில் இறங்கப் பருத்தித் துணியை விடமாட்டார்களாம். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியிராத கிரேசி, பிள்ளைகளோடு மார்த்தாண்டம் போய் கறுப்பு நைலான் காற்சட்டையும் பனியனும் எடுத்தாள். ததேயுஸுக்கும் ஒன்று எடுக்க வேண்டும். கடைக்காரப் பெண் இடுப்பளவு கேட்டாள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இழுத்துக் கட்டும் கயிறு வைத்ததாக ஒன்றை வாங்கினார்கள்.

இனி தேதிதான். படகு எப்போது கரை பிடிக்கும் என்பதைக் கடலில் இருக்கும் ஆளால் அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. மீன் கிடைத்தால் முன்னால் வரும், கிடைக்காவிட்டால் தள்ளிப்போகும். ஆனால் இந்த முறை கிரேசி விடவில்லை. கொச்சி துறைமுகத்தில் படகின் கணக்கு வழக்கைப் பார்க்கும் தங்கையனைப் பிடித்து, வயர்லெஸ்ஸில் ததேயுஸிடம் சொல்லவைத்தாள்: செவ்வாய்க்கிழமை காலையில் கொச்சியில் நிற்க வேண்டும், பிள்ளை போகப்போகிறாள், தவறினால் நான் பேசவே மாட்டேன். பதில் அன்று மாலையே வந்தது. செவ்வாய் காலையில் கரையில் நிற்பேன் என்று சொல்லச் சொல்லியிருந்தார். அனிஷ் புதன்கிழமைக்குப் பார்க் டிக்கெட் போட்டான்.

திங்கட்கிழமை விடிவதற்குள் மூவரும் கிளம்பினார்கள். தெருமுனையில் சுனிதா காத்து நின்றாள். நாலு வீடு தள்ளி இருப்பவள், இருபத்தேழு வயது, இரண்டு வயதில் ஒரு மகள். அவள் கணவன் ஸ்மைலின் ததேயுஸின் படகில்தான் வேலை செய்தான். கொச்சிக்கு யார் போனாலும் படகில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து பார்சல் கொடுத்துவிடுவது வழக்கம். சுனிதாவின் தம்பி சிஜோ ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான்.

“எக்கா, மேல முந்திரிக்கொத்து பலகாரம் இருக்கு, நசுக்கிராதியோ. அடியில ஊறுகாய். நடுவுல ஒரு சட்ட. வாற ஞாயித்துக்கெழம எங்களுக்குக் கல்யாண நாளுல்லா, கடல்ல போறதுக்கு முந்தி ஒருக்கா உடுத்திட்டுப் போட்டா எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

“வேற என்னவாச்சும் சொல்லணுமாட்டி?”

சுனிதா சிரித்தாள். “அத நான் போன்ல சொல்லிக்கிடுகேன்.”

ரயில் கொல்லத்தைத் தாண்டியபோது தங்கையன் போனில் கூப்பிட்டான். அவன் குரல் வழக்கம்போல் இல்லை.

“எக்கா, பக்கத்துல ஆள் இருக்கா? ஒக்காந்துட்டா பேசுகிய?”

“என்னலே?”

“போட்டுல ஒரு ஆளு தவறிட்டு.”

எதிர் இருக்கையில் அனிஷ் அப்பாவுக்கு வாங்கிய காற்சட்டையைத் தன் இடுப்பில் வைத்துப் பெபிஷாவுக்கு ஏதோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கிரேசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆரு?”

“ஸ்மைலினு. நெஞ்சு வலி. இன்னைக்கு வெளுக்கும்போதாக்கும். அண்ணன் இப்பந்தான் சொன்னாவ. ஐஸ் அறையில வச்சுக் கொண்டு வாறாவ. எக்கா, ஊருல ஒரு ஆளுக்கும் சொல்லாதிய. கையில பாடி கெடச்ச பொறவு பங்குச் சாமியாரு போயித்தான் வீட்டுல சொல்லுவாவ.”

கிரேசி மூச்சை விட்டாள். அந்த மூச்சில் இருந்தது நிம்மதி. அது ஒரு கணம்தான், ஆனாலும் இருந்தது. பிறகு எத்தனையோ தடவை அவள் அதை நினைத்துக் கூசினாள்.

பிள்ளைகளுக்குச் சொன்னாள். அனிஷ் காற்சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். போன் மறுபடியும் அடித்தது. திரையில் சுனிதாவின் பெயர். பெபிஷா எடுக்காதே என்று தலையாட்டினாள். எடுக்காவிட்டால் அவள் அடித்துக்கொண்டே இருப்பாள் என்று கிரேசிக்குத் தெரியும்.

“எக்கா, எங்க வந்திருக்கிய?”

“காயங்குளம் பக்கம் மக்கா.”

“முந்திரிக்கொத்து ஒடைஞ்சிட்டா?”

“இல்ல. மடியில வச்சிருக்கேன்.” உண்மையிலேயே அப்போதுதான் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஒங்க கொரலு என்ன ஒருமாதிரி இருக்கு?”

“சன்னல் பக்கம் காத்து.”

“பிள்ள ஒங்க சத்தம் கேட்டுட்டு அப்பாவான்னு கேக்கா. கள்ளி, ரெண்டு வயசுலயே அவர நேருல கண்டா வெலகிப் போவா, போன்ல மட்டும் அப்பா அப்பாம்பா.” சுனிதா சிரித்துக்கொண்டே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் படகு சொன்னபடி வந்து சேர்ந்தது. ததேயுஸ் வாக்குத் தவறவில்லை. போலீஸ் வந்தது, உடலை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்மைலினைக் கிடத்தியிருந்த அறையின் மீனை இறக்க யாரும் கை வைக்கவில்லை.

பிணவறைக்கு வெளியே நடுப்பகல்வரை காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த ஊழியர், உடுத்திவிடத் துணி இருக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார். படகில் அவன் வைத்திருந்ததெல்லாம் டீசல் வாடை அடிக்கும் பழந்துணிகள். கிரேசி பார்சலைப் பிரித்தாள். மேலே முந்திரிக்கொத்து டப்பா. அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நீல முழுக்கைச் சட்டை. எடுத்துக் கொடுத்தாள்.

ததேயுஸ் மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். ஒன்றரை மாதத் தாடி. கிரேசி டீ வாங்கிக்கொண்டு போனாள். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“மங்களூரு ஒரு நாள் ஓட்டந்தான் இருந்து.”

“என்னது?”

“சனிக்கெழம ராத்திரி நெஞ்செரியுன்னு சொன்னான். வாயுன்னு நெனச்சு சோடா குடுத்தேன். ஏப்பம் விட்டான், சிரிச்சான். பொறவும் வலிச்சு. வலைய இழுத்துட்டுக் கெளம்பினோம். மங்களூருல கரை பிடிச்சா ஞாயித்துக்கெழம ராத்திரி ஆஸ்பத்திரி. கொச்சின்னா இன்னைக்குக் காலையில.”

“பின்ன ஏன் மங்களூருக்கு விடல்ல?”

ததேயுஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “அங்க போனா இன்னைக்கு நான் இங்க நிக்க மாட்டேனே.”

கிரேசி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அவனுந்தான் சொன்னான். கொச்சிக்கே விடும் அண்ணே, எக்கா வருவாவ, சுனிதா என்னவாச்சும் குடுத்துவிட்டிருப்பான்னு. ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருந்தான். கஞ்சி குடிச்சான்.”

“இது ஆருக்கெல்லாம் தெரியும்?”

“எங்க விட்டேன்னு போட்டுல எல்லாருக்கும் தெரியும். ஏன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்பம் உனக்கும்.” டீ ஆறிப்போயிருந்தது. கீழே ஊற்றினார். “அவகிட்ட நான் சொல்லணும் கிரேசி.”

“அடக்கம் முடியட்டும்,” என்றாள் அவள்.

மாலையில் ஆம்புலன்ஸ் கிளம்பியது. இவர்கள் பின்னால் வேனில் போனார்கள். ததேயுஸ் நடுவில் உட்கார்ந்து பெபிஷாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்பா தன்மேல் சாய்ந்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நின்ற நேரமெல்லாம் அவள் தோளை அசைக்கவே இல்லை.

புதன்கிழமை காலையில் ஸ்மைலினின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அழுது முடித்திருந்த சுனிதா பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டுச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடியும் போட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு துளை தவறிப் போட்டிருந்தார்கள்.

“அளவு செரியா இருக்குக்கா,” என்றாள்.

படமெடுப்பவர் வந்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டார். அம்மா வீட்டார், மாமியார் வீட்டார், சித்தப்பா பிள்ளைகள் என்று ஒவ்வொரு கூட்டமாகப் பெட்டிக்குப் பின்னால் நின்று விலகினார்கள். கிரேசி பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். சுனிதா விடவில்லை.

“அண்ணன் எங்க? அவருகூட கடைசிவரைக்கும் கெடந்தது அண்ணன்தானே. எக்கா, பிள்ளைகளையும் கூப்பிடுங்க. நாலு பேரும் நில்லுங்க.”

நின்றார்கள். ததேயுஸ், கிரேசி, பெபிஷா, அனிஷ். படமெடுப்பவர் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். அந்த நேரம் அனிஷின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இன்று உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம், பருத்தி உடைகளைத் தவிர்க்கவும் என்று பார்க்கிலிருந்து செய்தி. அவன் அதைப் பிறகுதான் பார்த்தான்.

“அண்ணே,” என்றாள் சுனிதா. முகம் பெட்டியைப் பார்த்தபடியே இருந்தது. “நோவு வந்ததும் ஒடனே திரும்பிட்டியளா?”

ததேயுஸ் வாயைத் திறந்தார்.

“ஒடனே திரும்பிட்டாவ மக்கா,” என்றாள் கிரேசி.

சுனிதா தலையாட்டினாள். கோயில் மணி அடித்தது. பெட்டியை மூடினார்கள்.

படத்தின் பிரதி ஒன்றைச் சுனிதா சிஜோவிடம் கொடுத்து அனுப்பினாள். நால்வர் முகமும் தெளிவாக இருந்தது. கிரேசி அதை அலமாரியில், விலைச்சீட்டு கிழிக்காத நைலான் துணிகளுக்கு அடியில் வைத்தாள். சவமே என்ற வசவு அதன் பிறகு அவள் வாயிலிருந்து வரவில்லை. ததேயுஸ் ஒரே ஒரு முறை கேட்டார்: “எப்பம் சொல்ல?” அவள் அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை படகு கொச்சியிலிருந்து கடலுக்குப் போனது. பெபிஷாவின் விமானம் வெள்ளிக்கிழமை. ஸ்மைலின் இருந்த இடத்துக்கு, ததேயுஸை நம்பி, சுனிதா தன் தம்பி சிஜோவை ஏற்றி அனுப்பினாள்.