பிரிண்ட் வரிசையில் பிள்ளையார் சுழி

1. பின்னறை மிஷின்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஷெரீப் பாய் வைத்திருந்த டி.டி.பி., ஜெராக்ஸ் கடையில் நான் சேர்ந்த முதல் நாள், டைப்பிங் தெரியுமா என்றுகூட அவர் கேட்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிப்போய் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"தேவிம்மா, இதான் கியூ மிஷினு. முன்னாடி இருக்கிற சிஸ்டம் எல்லாத்துலேர்ந்தும் பிரிண்ட் இங்கதான் வரும். இது ஒண்ணொண்ணா பெரிய பிரிண்டருக்கு அனுப்பும். இது நின்னா கடையே நின்ன மாதிரி."

நிற்பதில் அது கெட்டிக்கார மிஷின். பாண்டிச்சேரியில் யாரோ எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேர். பேப்பர் தீர்ந்தால் கத்தும், மை குறைந்தால் கத்தும். ஃபைலின் பெயர் பிடிக்காவிட்டால் மட்டும் வாயே திறக்காது. அந்த ஃபைலை முன்னால் நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும். பின்னால் நிற்பவை எல்லாம் காத்துக் கிடக்கும்.

நம் ஜனங்கள் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற அழகே தனி. கல்யாணப் பத்திரிகை என்றால் 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று மூன்று வரும். அச்சடிக்க வேண்டியது நான்காவதாக இருக்கும். மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர், மனுவின் முதல் பாராவையே இங்கிலீஷ் எழுத்தில் பெயராக அடித்துக்கொண்டு வந்தார். அதைச் சுருக்கச் சொன்னதற்கு என்னிடம் கோபித்துக்கொண்டார். பாய் தன்னுடைய ஃபைல்களுக்கெல்லாம் முன்னால், பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக, 786 என்று போடுவார். அது ஒருநாளும் நின்றதில்லை.

2. கேள்விக்குறிகள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த வருடங்கள் அவை. எங்கள் கடைக்கு நோட்டீஸ் வேலை ஜாஸ்தி. ஒருநாள் காலை, ஊரில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வேலை பார்த்தோம். போராட்டக் குழுவின் செயலாளர் ஏழுமலை பென் டிரைவோடு வந்தார். நோட்டீஸ் கைக்கு வந்ததும் ஆட்களைக் கூட்டிப்போய் நாலு முனை ரோட்டில் மறியல் செய்வதாகத் திட்டம்.

அவருக்குப் பின்னால் வெள்ளிமலையிலிருந்து வெள்ளையனும் அவர் மகள் சித்ராவும் வந்தார்கள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கியிருந்தார்கள். விழுப்புரத்தில் அன்று மதியம் சித்ராவுக்கு நர்சிங் படிப்புக்கான நேர்முகம். விண்ணப்பமும் சாதிச் சான்றிதழும் பிரிண்ட் எடுத்தாக வேண்டும். மறியல் ஆரம்பித்துவிட்டால் பஸ் நகராது. மூடாத ஜெராக்ஸ் கடை எங்களுடையதுதான் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் பார்த்து வரிசை நின்றுவிட்டது.

மிஷினை அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். அது அசையவில்லை. அப்புறம்தான் திரையை நிதானமாகப் படித்தேன். முதல் இடத்தில் ஒரு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, பிறகு வரிசையாகக் கேள்விக்குறிகள்.

வெளியே வந்து கேட்டேன். "ஏழுமலைண்ணா, ஃபைலுக்கு இன்னா பேரு வெச்சீங்க?"

"புள்ளையார் சுழி போட்டு, மறியல் நோட்டீஸ்னு தமிழ்ல வெச்சேன். ஏன்?"

வெள்ளைத்தாளை எடுத்தால் உச்சியில் 'உ' போடாமல் எங்கள் பக்கத்தில் கடுதாசிகூட எழுதமாட்டார்கள். அவர் அதை ஃபைல் பெயருக்கும் போட்டிருக்கிறார். மிஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றிவிட்டு, கேள்விக்குறி இருக்கிற பெயரில் ஃபைலை வைக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தது.

"பேரை மாத்திட்டா போயிடும்ணா."

"சுழியை அழிக்கச் சொல்றியா? நல்ல காரியத்துக்குப் போய்க்கினு இருக்கேன்மா." கதவு வழியாகப் பின்னறைத் திரையை எட்டிப் பார்த்தவர் குரலை உயர்த்தினார். "அதோ 786னு இருக்குதே, அது மட்டும் சோக்கா தெரியுது! எங்க புள்ளையாரு இன்னா பாவம் பண்ணாரு?"

பாய் கையிலிருந்த பேப்பர் கட்டைக் கீழே வைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஊர் இருந்த நிலையில் இப்படி ஒரு பேச்சு வாசலைத் தாண்டினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

"இதுக்குப் புள்ளையாரும் தெரியாது, பாயும் தெரியாதுண்ணா. இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும்தான் தெரியும்" என்றேன். "உங்க ஃபைலை நான் தொடலை. சுழியோட அப்படியே இருக்கட்டும். ஒரு காப்பி எடுத்து, அதுக்கு டோக்கன் மாதிரி நம்பர் போட்டு அனுப்புறேன். பேப்பர்ல சுழி அழகா விழும்."

யோசித்துத் தலையாட்டினார். ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. வரிசையை மொத்தமாகக் காலி செய்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும். முதலில் வந்தவர் அவர். கட்டுக் கட்டாக நோட்டீஸ். அது முடிந்து மறியலும் தொடங்கிய பிறகு சித்ராவின் தாள்கள் வந்து பிரயோசனமில்லை. வெள்ளையன் மகளின் பையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஏழுமலையிடம் உள்ளதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணோட பேப்பர் முன்னாடி போனா அதுக்கு பஸ் கிடைக்கும். உங்களுது முன்னாடி போனா கிடைக்காது. நீங்கதான் மொதல்ல வந்தீங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் சித்ராவைப் பார்த்தார். "இன்னா படிக்கப் போற?"

"நர்சிங்குங்க."

"எந்த ஒதுக்கீட்டுல?"

"மலைவாழ் மக்கள்ங்க."

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். "அவுங்களுத மொதல்ல போடும்மா. நாங்க ரோட்டுல குந்தறதே புள்ளைங்க படிக்கணும்னுதான். மறியல் இன்னா, ஓடியா போவுது?"

அவர்கள் ஏறிய பஸ் நாலு முனை ரோட்டைத் தாண்டிவிட்டது என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நோட்டீஸ் கட்டைத் தூக்கினார். போகும்போது பாயிடம், "கோச்சுக்காதீங்க பாய்" என்றார். "டீ குடிச்சிட்டுப் போ ஏழுமல" என்றார் பாய்.

3. மூன்று ஃபோல்டர்

அன்று படித்த பாடத்தை என்னிடம் தொழில் கற்றவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். வந்தவர் வைத்த பெயரில் கை வைக்காதே. காப்பி எடு, நம்பர் போடு, காப்பியை வரிசைக்கு அனுப்பு. பெயர் அவர்களுடையது, நம்பர் நம்முடையது.

மறுநாள் பாய் சொல்லி, அசல் ஃபைல்களை வைக்க முன் சிஸ்டத்தில் இரண்டு ஃபோல்டர் திறந்தேன். ஒன்றுக்கு 786, இன்னொன்றுக்கு உ. யாருக்கு எது இஷ்டமோ அதில் வைத்தோம்.

சில மாதம் கழித்து வெள்ளையன் ஒரு பை சாமையோடு வந்தார். சித்ரா விழுப்புரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். உதவித்தொகை விண்ணப்பம் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். எதில் வைக்கட்டும் என்று ஃபோல்டர்களைக் காட்டினேன். குனிந்து திரையைப் பார்த்தார்.

"எங்க சாமி கரியராமருக்கு ஒண்ணும் இல்லிங்களா?"

பாய் உள்ளேயிருந்து சிரித்தார். "திறந்து குடு தேவிம்மா. வரிசையில எல்லாரும் நம்பருதான்."

திறந்து கொடுத்தேன். அதில் முதலாவதாகப் போனது சித்ராவின் ஃபைல்.