குரல் ரோசரியுடையது

பாலக்கரை ரோசரியின் முகம் திருச்சியில் பலருக்குத் தெரியாது, குரல் தெரியும். காய்கறி வண்டி, பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ, ஸ்ரீரங்கத்து ஜவுளிக்கடை என்று எந்த ஒலிபெருக்கியிலும் அவர்தான் பேசுவார்.

போன ஆவணியில் சைபர் கிரைம் போலீஸ் அவரைக் கூப்பிட்டது. பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைலாசபுரத்து யமுனாவிடம் ஓடிபி வாங்கிக் கணக்கைத் துடைத்திருந்தார்கள். அழைப்பு யமுனாவின் போனில் பதிவாகியிருந்தது. "தெனமும் எங்க தெருவுல கேக்குற குரல்ங்க," என்று யமுனா அடித்துச் சொன்னார்.

ரோசரி பதிவைக் கடைசிவரை கேட்டார். "குரல் என்னோடதுதாங்க சார். ஆனா நான் பேசலைங்க."

"அதெப்படிம்மா?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர் பூவரசன். இருந்தாலும், கல்லூரியில் மொழியியல் நடத்தும் அல்ஷிஃபாவை வரவழைத்தார்.

அல்ஷிஃபா பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆரம்பமெல்லாம் சுத்தமான பேங்க் தமிழ். யமுனா தயங்கியதும் எதிர்முனைக்குக் கோபம் வந்துவிட்டது: "நான்தான் சொல்லுதேன்லா!"

"இது திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு சார்."

"அவங்க தொழிலே பேசுறதுதானே? எந்த ஊர் மாதிரியும் பேசுவாங்க."

"நடிக்கிறவங்க மொதல்லேர்ந்தே அப்படிப் பேசுவாங்க. இது கோவத்துல நழுவினது. அவங்களுக்குக் கோவம் வந்தா எப்படிப் பேசுறாங்கன்னு பாக்கணும்."

பூவரசன் அந்தப் பொறுப்பை உடனே எடுத்துக்கொண்டார். வெளியே காத்திருந்த ரோசரியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்க அறிவிப்பு கேட்டா எங்க வீட்டு நாயே ஓடிப் போயிடுதும்மா."

ரோசரி எழுந்தே விட்டார். "என்ன சார் பேசுறீங்க? கூப்பிட்டீங்கன்னு மதிச்சு வந்தா, வாய்க்கு வந்ததெல்லாம் கேக்கணுமா? நானும் எவ்வளவு நேரமா பொறுமையா சொல்றேன்!"

"'சொல்றேன்'. 'சொல்லுதேன்' இல்ல," என்று அல்ஷிஃபா குறித்துக்கொண்டார். வேண்டுமென்றே கோபப்படுத்தினார்கள் என்று புரிந்ததும் ரோசரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பேச்சுவழக்கு மட்டும் ஆதாரமாகப் போதாது என்று அல்ஷிஃபாவே எழுதிக் கொடுத்தார். ஆனால் தேடல் வேறு பக்கம் திரும்பியது. அழைத்த எண்ணைப் பிடித்துப் போய் திருநெல்வேலிக்காரன் ஒருவனைக் கைது செய்தார்கள். ரோசரியின் அறிவிப்புப் பதிவுகளை வைத்து, பேசப் பேசத் தன் குரலை அவர் குரலாக மாற்றும் மென்பொருள் அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. அல்ஷிஃபாவின் அறிக்கையும் வழக்கில் சேர்ந்தது.

யமுனாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்கே வந்துவிட்டார்.

"போன் பண்ணியிருக்கலாமேங்க," என்றார் ரோசரி.

"உங்க குரலை போன்ல கேக்க இன்னும் பயமா இருக்குக்கா. அதான் நேர்லயே வந்துட்டேன்."

ரோசரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இருவருக்கும் காபி போட்டார்.