பட்டையோடு நட்ட கன்றுகள்

பதுளையில் என் வீட்டுக் கதவைச் சனிக்கிழமை காலையில் ஒரு பெண் தட்டினாள். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். "அங்கம்மா அக்கா நேத்து போயிட்டாங்கய்யா. கணக்கப்புள்ள ஐயாவுக்கு ஒரு வார்த்த சொல்லிருன்னு அவங்க மக சொல்லிவிட்டுச்சு" என்றாள். தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னேன். நிற்காமல் போய்விட்டாள்.

அங்கம்மாவோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லாரையும் ஒரு தடவையாவது வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அந்த வாய் மூன்று வாரம் மூடியிருந்த கதை மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

எழுபதுகளின் தொடக்கம். தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன். இறக்குமதி நின்று, பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குப் பொலித்தீன் பைகள் வருவதும் நின்றுபோயிற்று. பை இல்லாவிட்டால் கன்று இல்லை. தவறணையில் இருந்த ஒன்பது பெண்களுக்கும் வேலை இல்லை. அப்போதுதான் அங்கம்மா காய்ந்த வாழைப்பட்டையை இரண்டு சுற்றாகச் சுற்றி, நாரால் கட்டி, ஈர மண்ணை நிரப்பிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பெயர்ப் புத்தகம் நனைந்ததில் எனக்கு எரிச்சல்.

"ரெண்டு மாசத்துல மக்கிப் போயிரும், அங்கம்மா" என்றேன். அன்று 'நீ' என்றுதான் அவரிடம் பேசினேன்.

"அடுப்புக்கு மேல பொகையில காயவச்ச பட்டைங்க. மெதுவாத்தான் மக்கும். மக்கட்டுமே, அதுக்குத்தானே இது! பொலித்தீன் மாதிரி உரிச்சு வீச வேணாம். கன்னோட சேத்துக் குழியில வச்சிரலாம்."

நான் தலையை ஆட்டினேன். கடைசியில் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

தோட்டத்தை நடத்திய துரை ஒரு நிபந்தனையோடு இதற்குச் சம்மதித்தார். கன்றுகள் பட்டுப்போனால் தவறணை மூடப்படும். யோசனை சொன்ன அங்கம்மாவின் பெயர் வெட்டப்படும். தோட்டத்தில் பெயர் வெட்டினால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன. நடவு நாளில் மலையில் நின்றது நான். அங்கம்மா கீழே தவறணையில் கன்றுகளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். குழி வெட்டிய ஆட்கள், "பட்டைய என்னங்க செய்ய?" என்று கேட்டார்கள். "எப்பவும் போல உரிச்சிட்டு நடுங்க" என்றேன். வருடக்கணக்காகப் பொலித்தீனைக் கிழித்து நட்ட பழக்கம், வாயில் அதுதான் வந்தது. பட்டைக்குள் வேர் ஓடியிருந்தது. உரிக்க உரிக்க வேரும் சேர்ந்து அறுந்தது. கடைசி இரண்டு வரிசை இருக்கும்போது அங்கம்மா மேலே ஏறி வந்தார். கீழே கிடந்த பட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மிச்சமிருந்த கன்றுகளைப் பட்டையோடு அவரே நட்டார்.

நல்ல மழை பெய்தும், பத்து நாளில் கன்றுகள் வாடத் தொடங்கின. துரை வந்து பார்த்துவிட்டு, "மாசக் கடைசியில் இவள் பெயரை வெட்டு" என்று என்னிடம் சொன்னார். அங்கம்மா எதிரில்தான் நின்றார். உரிக்கச் சொன்னது நான் என்பதை மறைத்துவிட்டேன். என் வேலை போய்விடுமே என்ற பயம். கோழையாகத்தான் நின்றேன்.

அதன் பிறகு, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்குப் போகவே பயந்தேன். வேலை பிரித்துக் கொடுக்கும்போது அவர் முன்னால் வந்து நிற்பார். எல்லார் முன்னிலையிலும் இன்று சொல்லிவிடுவார் என்று நினைப்பேன். எந்த மலைக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

மாசக் கடைசியில் துரை மறுபடி வந்தார். மலை முழுவதும் காய்ந்து கிடக்க, இரண்டு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. "இது மட்டும் எப்படி?" என்று கேட்டார். அங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மற்றதை எல்லாம் உரித்து நடச் சொன்னது நான்தான், சேர்" என்றேன்.

துரை என்னை ஏசித் தீர்த்துவிட்டு வேறு டிவிஷனுக்கு மாற்றினார். அங்கம்மாவின் பெயர் வெட்டப்படவில்லை. தவறணையும் மூடப்படவில்லை.

நான் சாமான் கட்டும்போது அங்கம்மா வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன், அவ்வளவு மடையன்.

"உண்மையச் சொல்ல மூணு வாரமாச்சுங்களே ஐயா" என்றார்.

"நீயே தொரகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னு தொர நெனைப்பாரு. ஒங்களக் கேப்பாரு. நீங்க இல்லேன்னுருவீங்க. ஒருக்கா இல்லேன்னு சொல்லிட்டா அப்புறம் மாத்திச் சொல்ல ஒங்களால முடியாதுங்க. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார் அந்த மனுசி.

அதற்குப் பிறகு, தப்புச் செய்துவிட்டு யாராவது என் முன்னால் நின்றால், "நீதானே செய்தாய்?" என்று நான் உடனே கேட்பதில்லை. அவர்களாகச் சொல்லட்டும் என்று பொறுக்கிறேன். அங்கம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான், அதுவும் அரைகுறையாக. பிள்ளைகளின் கூரையைப் பணயம் வைத்து அவர் மூன்று வாரம் பொறுத்தார். இழக்க ஒன்றுமில்லாத நான் இன்னும் மூன்று நாளுக்கு மேல் பொறுத்ததில்லை.